கணக்கைக் கழித்தால் இயற்பியல் மிஞ்சுமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இயற்பியல் துறை, முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று தனித்தனி வகுப்புகளை நடத்துவது வழக்கம். பொறியியலும் இயற்பியலும் படிப்பவர்களுக்கு நுண்கணிதத்தோடு ஒன்று. மருத்துவம், உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு இயற்கணிதம் தெரிந்தால் போதும் என்ற அளவில் இன்னொன்று. வரலாறு, இசை, வணிகம், இலக்கியம் என்று படிப்பவர்களும் பட்டம் வாங்க ஏதாவது ஓர் அறிவியல் பாடம் முடித்தாக வேண்டும் என்பதால், அவர்களுக்காகக் கணிதம் ஏறக்குறைய இல்லாத மூன்றாவது வகுப்பு. இந்த மூன்றாவதைத்தான் கருத்துநிலை இயற்பியல் என்கிறார்கள். கிண்டலாகக் 'கவிஞர்களுக்கான இயற்பியல்' என்றும் சொல்வதுண்டு. அதே தலைப்பில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மார்ச் 1970இல் ஒரு நல்ல பாடநூலே எழுதியிருக்கிறார்.

கிண்டலுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. இயற்பியலில் கடினமானது கணிதம். அதை நீக்கிவிட்டால் எஞ்சுவது யாரும் விழுங்கக்கூடிய எளிய சங்கதி என்பதே அது. கடந்த நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகளில் இயற்பியல் கற்பித்தல் பற்றி வந்த ஆய்வுகளைப் படித்தால் இதற்கு நேர்மாறான முடிவுக்குத்தான் வர முடிகிறது. கணிதத்தை எடுத்துவிட்டால், ஒளிந்துகொள்ள இடமில்லாமல் கருத்து வெளியே வந்து நிற்கிறது. அதை எதிர்கொள்ளக் கவிஞர்கள் மட்டுமல்ல, பொறியாளர்களும் தடுமாறுகிறார்கள். இந்த மூன்றாவது வகுப்பு எங்கிருந்து வந்தது, அதில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள், அது பலிக்கிறதா என்பவற்றை ஒருசேரப் பார்ப்பதுதான் இக்கட்டுரை.

இந்த வகுப்புக்கு முகம் கொடுத்தவர் பால் ஹூயிட். 1964இல் சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் ஆசிரியராகச் சேர்ந்தார். அது ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களும், படிப்பை விட்டு மறுபடி வந்தவர்களும் சேரும் ஈராண்டுக் கல்லூரி. அவரே அப்படி வந்தவர்தான். இளவயதில் குத்துச்சண்டை போட்டிருக்கிறார். மியாமியில் விளம்பரப் பலகைகளுக்கு வண்ணம் தீட்டியிருக்கிறார். கல்லூரிக்குள் நுழைந்தது தாமதமாகத்தான். 1971இல் வெளிவந்த அவருடைய 'கன்செப்சுவல் ஃபிசிக்ஸ்' இன்றுவரை பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. படங்களையும் அவரே வரைந்தார். சைன்போர்டு எழுதிய கை என்பது அந்தக் கோடுகளைப் பார்த்தாலே தெரியும்.

அவர் தன் புத்தகத்தில் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இந்தப் பாடத்தின் போக்கையே காட்டிவிடும். மியாமியில் அவரும் பர்ல் கிரே என்ற சக ஓவியரும் இரண்டு கயிற்றில் தொங்கும் ஒரே சாரப் பலகையில் நின்று வேலை செய்வார்கள். எந்தக் கயிறு அதிகம் இழுபடுகிறது என்று கிரேக்கு ஒரு சந்தேகம். கயிற்றைத் தந்தி போலச் சுண்டிப் பார்த்தார். கனமான அவர் பக்கத்துக் கயிறு உயர்ந்த சுருதியில் ஒலித்தது. சரி, ஹூயிட் தன் முனையிலிருந்து கிரேயை நோக்கி நடந்தால்? ஹூயிட் பக்கக் கயிற்றில் இழுவிசை குறையும், மற்றதில் கூடும். அங்கே குறைந்த அளவும் இங்கே கூடிய அளவும் துல்லியமாகச் சமமா? சமமென்றால், ஒரு கயிற்றில் நடப்பது இன்னொரு கயிற்றுக்கு எப்படித் 'தெரிகிறது'? இருவருக்கும் விடை தெரியவில்லை. பிறகு கல்லூரியில் படித்தபோதுதான் ஹூயிட்டுக்கு விளங்கியது. பலகை அசையாமல் இருக்கிறது. ஆகவே மேல்நோக்கிய விசைகளின் கூட்டுத்தொகை கீழ்நோக்கிய எடைகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருந்தே தீரும். எடைகள் மாறாதவரை அந்தக் கூட்டுத்தொகையும் மாறாது. இந்தக் கேள்வியில் எண் ஒன்றுகூட இல்லை. ஆனால் சமநிலை என்றால் என்ன என்று உண்மையில் புரிந்தவரால்தான் விடை சொல்ல முடியும்.

ஹூயிட்டுக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. யாகோவ் பெரெல்மானின் பொழுதுபோக்குப் பௌதிகம் 1913இல் ரஷ்யாவில் வந்தது. மீர் பதிப்பகத்தின் வழியே தமிழுக்கும் வந்து நம்மில் ஒரு தலைமுறைக்குப் பழக்கமான புத்தகம் அது. பாடத்திட்டம் எதற்கும் கட்டுப்படாமல் கேள்விகளாலேயே நகர்வது. கல்லூரி வகுப்பு என்று எடுத்துக்கொண்டால் பிரின்ஸ்டனின் எரிக் ராஜர்ஸைச் சொல்ல வேண்டும். அறிவியல் மாணவர் அல்லாதவர்களுக்கு அவர் நடத்திய வகுப்பு 1960இல் ஒரு பெரும் நூலாயிற்று. எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொட்டுக்கொண்டு போகாமல் சில பகுதிகளை மட்டும் ஆழமாக எடுத்து, நடுவில் இடைவெளிகளைத் துணிந்து விட்டுவிடுவது அவர் முறை. இவர்களுக்குப் பின்னணியில் ஒரு காலச்சூழலும் இருந்தது. எம்.ஐ.டி.யில் ஜெரால்ட் சக்கரியாஸ் தலைமையில் பள்ளி இயற்பியலைத் திருத்தும் குழு 1956இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவ, பணம் கொட்டியது. ஆனால் அந்தத் திட்டம் தயாரித்தது வருங்கால விஞ்ஞானிகளுக்கான பாடம். மற்றவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சி நின்றது. ஹார்வர்டில் ஜெரால்ட் ஹோல்டனும் நண்பர்களும் வரலாற்றையும் தத்துவத்தையும் கலந்து வேறொரு பாடத்திட்டம் உருவாக்கினார்கள். இங்கிலாந்தில் சி. பி. ஸ்னோ 1959இல், இலக்கியவாதிகளுக்கு வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி தெரியாததைச் சுட்டிக்காட்டி ஒரு பெரிய வாதத்தையே கிளப்பியிருந்தார்.

ஹூயிட் இவர்களிலிருந்து விலகுவது ஓரிடத்தில். ஹோல்டன் கலீலியோவையும் கெப்ளரையும் கொண்டு வந்து மாணவரை ஈர்க்கப் பார்த்தார். ஹூயிட் சாலையையும் சமையலறையையும் குளியல் தொட்டியையும் கொண்டு வந்தார். சூத்திரங்களை அவர் ஒதுக்கிவிட்டார் என்பது பரவலான தவறான எண்ணம். புத்தகம் முழுக்கச் சூத்திரங்கள் உண்டு. எண்ணைப் போட்டு விடை எடுக்கும் கருவியாக அல்லாமல், எது மாறினால் எது எவ்வளவு மாறும் என்று யோசிக்க வழிகாட்டியாக அவை வருகின்றன. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலில் வேகம் இருமடியாக இடம்பெறுகிறது. ஆகவே மணிக்கு 40 கிலோமீட்டரில் பிரேக் பிடித்த பிறகு 10 மீட்டர் சறுக்கி நிற்கும் கார், 80இல் வந்தால் 20 மீட்டரில் நிற்காது. 40 மீட்டர் போகும். 120இல் வந்தால் 90 மீட்டர். இதைச் சொல்லக் கால்குலேட்டர் வேண்டாம், காரின் நிறைகூடத் தெரிய வேண்டாம். ஆனால் இதைக் கணிதம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விகிதத்தில் யோசிப்பதுதான் கணிதத்தின் உயிர்நாடி. இலக்கங்களைப் பெருக்கி வகுப்பது அதன் கூலிவேலை.

இந்த வகுப்பை நடத்தியவர்கள் ஓர் அக்கறையால்தான் நடத்தினார்கள். கையில் ஆதாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆதாரம் வந்தது வேறு திசையிலிருந்து, கணிதம் நன்றாகத் தெரிந்த மாணவர்களைச் சோதித்தபோது.

ஜான் கிளெமென்ட் 1982இல் வெளியிட்ட ஆய்வில் பொறியியல் மாணவர்களிடம் கேட்டது சிறுபிள்ளைக் கேள்வி. ஒரு நாணயத்தை நேரே மேலே சுண்டுகிறீர்கள். கையை விட்டுப் பிரிந்து மேலேறிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறியிட்டுக் காட்டுங்கள். பெரும்பாலோர் கீழே புவியீர்ப்புக்கு ஓர் அம்பு போட்டார்கள், மேலே 'கை கொடுத்த விசை'க்கு இன்னொன்று போட்டார்கள். மேல்நோக்கிய அம்பு நீளமாக இருந்தது, இல்லாவிட்டால் நாணயம் எப்படி மேலேறும்? காற்றின் தடையை விட்டுவிட்டால் சரியான படத்தில் ஒரே அம்புதான், அதுவும் கீழ்நோக்கி. கையை விட்டபின் கை தள்ளுவதில்லை. நாணயத்திடம் இருப்பது வேகம், விசை அன்று. ஈர்ப்பு அந்த வேகத்தை நொடிக்கு நொடி தின்றுகொண்டிருக்கிறது. உச்சியில் வேகம் சுழியாகும் கணத்திலும் முடுக்கம் சுழியாவதில்லை, அதே 9.8தான். இயக்கவியல் பாடம் முடித்த பிறகும் மாணவர்களில் பலர் அந்த மேல் அம்பை விடவில்லை.

அந்த அம்புக்கு நீண்ட வம்சாவளி உண்டு என்பதுதான் இதில் சுவையான விஷயம். எறிந்த பொருளுக்குள் எறிந்தவன் ஏதோ ஒரு உந்துசக்தியை ஏற்றி அனுப்புகிறான், அது தீரத் தீரப் பொருள் தளர்கிறது என்று ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பிலோபொனஸ் வாதிட்டார். பதினான்காம் நூற்றாண்டுப் பாரிசில் பூரிடான் அதை இன்னும் நேர்த்தியாக்கினார். ஐரோப்பாவின் கூர்மையான மூளைகள் பல நூறு ஆண்டுகள் வைத்திருந்த கருத்தைப் பதினெட்டு வயதுப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்து வகுப்புக்குக் கொண்டு வருகிறது. அதை முட்டாள்தனம் என்று ஆசிரியர் கடந்து போனால் பாடம் அங்கேயே தோற்றுவிடும். உராய்வு நிறைந்த உலகில் வாழ்கிறவருக்கு, தள்ளினால்தான் நகரும் என்பது அன்றாடம் நிரூபணமாகும் உண்மை. நியூட்டனின் முதல் விதிதான் அனுபவத்துக்கு முரணானது.

கிளெமென்ட் கேட்டது போன்ற கேள்விகள் சில ஆண்டுகளில் ஒரு முழுச் சோதனையாகத் திரண்டன. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்ராஹிம் ஹலூனும் டேவிட் ஹெஸ்டெனிசும் 1985இல் ஆயிரம் மாணவர் அளவில் சோதித்து ஒரு சங்கடமான செய்தியைச் சொன்னார்கள். நான்கு பேராசிரியர்கள், நான்கு விதமான பாணி. ஒருவர் கருத்துகளை அழுத்தமாக விளக்குபவர், ஒருவர் செய்முறை காட்டுவதில் வல்லவர், இன்னொருவர் கணக்குகளாகப் போட்டுக் காட்டுபவர். நான்கு வகுப்பிலும் மாணவர் பெற்ற முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றே, அதுவும் சொற்பம். ஆசிரியரின் பேச்சுத்திறன் கணக்கில் வரவே இல்லை. 1992இல் ஹெஸ்டெனிஸ் குழு இச்சோதனையைச் செப்பனிட்டு வெளியிட்டது. எஃப்.சி.ஐ. என்ற சுருக்கப் பெயரில் உலகம் முழுக்கப் பரவிய விசைக் கருத்துச் சோதனை அதுதான். பின்னர் திருத்திய வடிவில் 30 கேள்விகள், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை, கணக்கு எதுவும் இல்லை. தவறான விடைகள் ஏனோதானோ என்று எழுதப்பட்டவை அல்ல. மாணவர்கள் உண்மையில் நம்புபவற்றைப் பேட்டி எடுத்துச் சேகரித்து வைத்தவை.

ஹார்வர்டில் எரிக் மசூர் 1985 ஆய்வைக் கேள்விப்பட்டபோது தன் மாணவர்களுக்கு அது பொருந்தாது என்றுதான் நினைத்தார். மருத்துவம் படிக்கப் போகும் தேர்ந்த பிள்ளைகள். அவருடைய வகுப்புக்கு மதிப்பீடும் நன்றாகவே கிடைத்து வந்தது. 1990இல் அந்தச் சோதனையின் பழைய வடிவைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு மாணவி கையைத் தூக்கி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதட்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதட்டுமா என்ற பொருளில் கேட்டாளாம். இந்தக் கேள்வி கற்பித்தல் ஆய்வாளர்களிடையே புகழ்பெற்றுவிட்டது, புகழ் நியாயமானதுதான். இரண்டு இயற்பியல்கள் ஒரே மண்டையில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன என்பதை இதைவிட நேராக யாரும் சொல்லவில்லை. மசூர் அதோடு விடவில்லை. ஒரே தேர்வுத்தாளில் ஒரே மின்சுற்றுக் கருத்தை இரண்டு விதமாகக் கேட்டார். ஒன்று, மின்தடைகளும் மின்கலங்களும் எண்களோடு வரும் வழக்கமான கணக்கு. இன்னொன்று, மூன்று பல்பு உள்ள சுற்றில் ஒரு சாவியை மூடினால் எந்தப் பல்பு மங்கும், எது பிரகாசிக்கும் என்பது. இரண்டாவது மிக எளியது என்று எந்த இயற்பியலாளரும் சொல்வார். மாணவர்கள் முதலாவதில்தான் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். மின்சுற்றுக்கான கிர்ச்சாஃப் விதிகளை வைத்துச் சமன்பாடுகளை அடுக்கி விடை எடுத்துவிட்டவருக்கு, மின்னோட்டம் எங்கே பிரிகிறது என்பது தெரிந்திருக்கவில்லை.

மின்சுற்று விஷயத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லிலியன் மெக்டெர்மாட் குழு முன்பே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே மாதிரியான ஐந்து பல்பு, மூன்று சுற்று, பிரகாசத்தை வரிசைப்படுத்துக. நுண்கணிதத்தோடு இயற்பியல் படிக்கும் மாணவர்களில் சரியாகச் சொன்னது சுமார் 15 சதவீதம். பாடம் நடத்துவதற்கு முன்பும் அவ்வளவுதான், நடத்திய பின்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் 'தின்றுவிடுகிறது', அடுத்ததற்கு மிச்சம்தான் போகிறது என்ற நம்பிக்கை கல்லூரிப் பாடத்தைத் தாங்கி நிற்கிறது.

தென்கொரியாவிலிருந்து 2002இல் வந்த கிம், பாக் இருவரின் ஆய்வை நம் பயிற்சி மையங்களின் வாசலில் ஒட்டலாம். நுழைவுத் தேர்வுக்காகச் சராசரியாக 1,500 கணக்குகள் போட்டு வந்த முதலாண்டு மாணவர்கள். சிலர் 2,900 வரை போட்டிருந்தார்கள். கருத்துக் குழப்பம் அவர்களிடமும் அப்படியே இருந்தது. போட்ட கணக்கின் எண்ணிக்கைக்கும் புரிதலுக்கும் பெரிய தொடர்பு தென்படவில்லை. ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நேர்மையாகாது. இருபத்தேழு பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு அது. 2009இல் லெய் பாவ் குழு அமெரிக்க, சீன மாணவர்கள் ஆயிரக்கணக்கானோரை ஒப்பிட்டபோது எஃப்.சி.ஐ.யில் சீனர் சராசரி 86 சதவீதம், அமெரிக்கர் 49 சதவீதம். ஐந்தாண்டு கட்டாய இயற்பியலும் கடும் பயிற்சியும் பலன் தராமல் இல்லை. ஆனால் பாடத்துக்கு அப்பாற்பட்ட அறிவியல் தர்க்கச் சோதனையில் இரு நாட்டவரும் ஒரே அளவு, சுமார் 75 சதவீதம். ஆக, கணக்குப் போடுவது வீண் என்று கொடி பிடிக்கும் கருத்துநிலைக் கட்சிக்காரர்களும், கணக்குப் போட்டால் எல்லாம் தானாக வரும் என்கிற பயிற்சி மையக் கட்சிக்காரர்களும் இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

இனிக் கருத்துநிலை வகுப்புக்கே வருவோம். மேலே சொன்ன ஆதாரம் எல்லாம், அதை நடத்துபவர்கள் சரியான பொருளைத்தான் கையில் எடுத்திருக்கிறார்கள் என்று காட்டுகிறது. சரியான முறையில் கையாள்கிறார்களா என்பது வேறு. ஹூயிட் அபாரமான மேடைப் பேச்சாளர். ஆணிப் படுக்கையில் படுத்து மார்பின் மேல் கல்லை உடைக்கச் சொல்லும் வகை ஆசிரியர்களுக்கெல்லாம் அவர் ஆதர்சம். ஆனால் ஹலூன், ஹெஸ்டெனிஸ் முடிவு இங்கும் பொருந்துமல்லவா? நல்ல விளக்கம் மட்டும் பழைய கருத்தை அசைப்பதில்லை. சிட்னியில் டெரெக் முல்லர் 2008இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதை நேரடியாகத் தொட்டது. (பின்னாளில் வெரிட்டாசியம் யூடியூப் சேனலால் பிரபலமானவர் இவர்தான்.) தெளிவான, குழப்பமே இல்லாத விளக்கப் படத்தைப் பார்த்தவர்கள் அது அருமை, எளிதாகப் புரிந்தது என்றார்கள், சோதனையில் பெரிதாக எதுவும் ஏறவில்லை. தவறான கருத்தை ஒருவர் முதலில் வாய்விட்டுச் சொல்லி, அது எங்கே உடைகிறது என்று விவாதிக்கும் படத்தைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள், அவர்கள்தான் கற்றிருந்தார்கள். 2019இல் ஹார்வர்டில் லூயி டெலோரியே குழு செய்த ஆய்விலும் இதே முரண். தாங்களே முட்டி மோதிய வகுப்பில் மாணவர் அதிகம் கற்றார்கள், ஆனால் கேட்டு ரசித்த விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள்.

ஆசிரியர் மதிப்பீட்டுப் படிவங்களை நம்பிப் பதவி உயர்வு தரும் நிர்வாகங்களுக்கு இது நல்ல செய்தி அல்ல.

பலித்த முறை எது? மசூர் தன் விரிவுரையைத் துண்டு துண்டாக்கினார். பத்து நிமிடம் பேச்சு, பிறகு ஒரு கேள்வி. லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன் மேல் அதிக விசை செலுத்துகிறது? ஒவ்வொருவரும் தனியாக விடையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அப்புறம் பக்கத்தில் வேறு விடை வைத்திருப்பவரிடம் வாதாட வேண்டும். பிறகு மறுபடி விடை. நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கும் மாணவர்களே லாரிதான் அதிகம் தாக்குகிறது என்பார்கள். விசை இரண்டிலும் சமம். லாரி பத்து டன், கார் ஒரு டன் என்றால் அதே விசை காருக்குப் பத்து மடங்கு முடுக்கம் தருகிறது, நசுங்குவது அதனால்தான். விசையும் விளைவும் ஒன்றல்ல என்று ஒரு மாணவர் இன்னொரு மாணவரிடம் வாதாடி நிறுவும்போது, பேராசிரியர் சொல்லி ஏறாதது ஏறுகிறது. சற்று முன்புதான் புரிந்துகொண்டவருக்கு எங்கே இடறும் என்பது நினைவிருக்கும்; முப்பது ஆண்டுகளுக்கு முன் புரிந்துகொண்டவருக்கு அது மறந்துபோயிருக்கும்.

இண்டியானா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹேக் இத்தகைய வகுப்புகளின் முடிவுகளைத் திரட்டி 1998இல் வெளியிட்டார். 62 பாடங்கள், 6,542 மாணவர்கள். ஒரு வகுப்பு சராசரியாக அடைந்திருக்கக்கூடிய முன்னேற்றத்தில் எவ்வளவு பங்கை உண்மையில் அடைந்தது என்பது அளவுகோல். மரபான விரிவுரை வகுப்புகளில் அந்தப் பங்கு சராசரியாக 0.23, மாணவர் வாதிட்டுக் கற்கும் வகுப்புகளில் 0.48. மரபான வகுப்பு ஒன்றுகூட 0.3ஐத் தாண்டவில்லை. முடிவுகளை ஆசிரியர்களே விரும்பி அனுப்பினார்கள், ஆகவே சோபிக்காத புதுமைகள் வெளியே வராமல் போயிருக்கலாம் என்ற ஆட்சேபம் உண்டு, அது சரியானதே. ஆனாலும் இரண்டு கூட்டத்துக்கும் இடையே உள்ள தூரம் அப்படி ஊதித் தள்ளக்கூடியது அல்ல. இந்த முறைக்குப் பெரிய கருவியும் தேவையில்லை. இன்று மின்னணுப் பொத்தான்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் விடை எழுத்து எழுதிய அட்டைகளைத் தூக்கிக் காட்டியும் நடத்தினார்கள்.

ஆய்வாளர்களுக்குள் தீராத ஒரு வழக்கும் இருக்கிறது. மாணவர் மனத்தில் இருப்பது பூரிடானுடையதைப் போன்ற ஒரு முழுக் கொள்கையா, அல்லது சந்தர்ப்பத்துக்கேற்ப எழும் சிறுசிறு உள்ளுணர்வுத் துணுக்குகளா? முதலாவது என்றால் அதை எதிர்கொண்டு உடைத்தாக வேண்டும். பெர்க்லியின் ஆண்ட்ரியா டிசெஸ்ஸா இரண்டாவது கட்சி. அதிகம் தள்ளினால் அதிகம் நகரும், பெரியது சிறியதை வெல்லும் போன்ற துணுக்குகள் தம்மளவில் தவறில்லை, பொருந்தாத இடத்தில் எழுவதுதான் தவறு என்பார். எனக்கு டிசெஸ்ஸா பக்கம்தான் சாய்வு. விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்களைக் காட்டி ஏன் என்று கேட்டால், அங்கே ஈர்ப்பு இல்லை என்று சொல்லும் அதே மாணவர், நிலாவைப் பூமியோடு பிடித்து வைத்திருப்பது எது என்று கேட்டால் ஈர்ப்பு என்பார். ஒரு கொள்கை உள்ளவர் இப்படிப் பேச மாட்டார். (400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் ஏறக்குறைய 89 சதவீதம். மிதப்பவர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். கூடவே நிலையமும் விழுகிறது.)

கருத்துநிலை வகுப்பு என்ற பெயரில் இன்று நடப்பதெல்லாம் ஹூயிட் வழியும் அல்ல. வர்ஜீனியாவில் லூயி புளூம்ஃபீல்ட் பொருள்களிலிருந்து தொடங்கினார்: சைக்கிள், துணி துவைக்கும் இயந்திரம், மைக்ரோவேவ் அடுப்பு. விதி அதற்குள்ளிருந்து வெளியே வரும். பெர்க்லியில் ரிச்சர்ட் முல்லர் (டெரெக் முல்லர் வேறு) வருங்கால நாட்டுத் தலைவர்களுக்கான இயற்பியல் என்று வகுப்பு நடத்தினார். அணுக்கழிவு, எரிபொருள், உளவுச் செயற்கைக்கோள், பயங்கரவாதம். அங்கே எண்கள் தாராளம், சூத்திரங்கள் குறைவு. ஒரு கிராம் பெட்ரோலில் உள்ள ஆற்றல் ஒரு கிராம் டி.என்.டி. வெடிமருந்தில் உள்ளதைவிடப் பத்து மடங்குக்கும் மேல், டி.என்.டி. வெடிப்பது ஆற்றல் மிகுதியால் அன்று, அதை வெளிவிடும் வேகத்தால். ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட மறக்க முடியாதபடி சொல்ல முடியுமா தெரியவில்லை.

கருத்துநிலை வகுப்பின் பலவீனம் எங்கே என்றால், பாடப் புத்தகத்தின் பின்பாதியில். இயக்கவியலிலும் மின்சுற்றிலும் ஒளியிலும் மாணவரிடம் ஏற்கெனவே ஓர் உள்ளுணர்வு இருக்கிறது. அதோடு மல்லுக்கட்டலாம், தவறை அவரே கண்டுபிடிக்கலாம். குவாண்டம் இயற்பியலில் அப்படி ஒன்றும் இல்லை. எலக்ட்ரான் ஒரே சமயத்தில் இரண்டு துளை வழியாகவும் போகிறது என்று ஆசிரியர் சொன்னால் மாணவர் தலையாட்டத்தான் முடியும். மறுக்க வழி இல்லாத இடத்தில் புரிந்துகொள்ளவும் வழி இல்லை. அங்கே கருத்துநிலை வகுப்பு புராணம் சொல்லும் வகுப்பாக மாறிவிடுகிறது. கருந்துளை, பெருவெடிப்பு அத்தியாயங்களிலும் இதே நிலைதான். மேரிலாந்தில் எட்வர்ட் ரெடிஷ் குழு, இயற்பியல் என்றால் என்ன என்பது பற்றி மாணவர்களின் எண்ணத்தை 1998இல் அளந்தது. ஒரு பருவப் பாடத்துக்குப் பின் அது மேம்படவில்லை, சரிந்திருந்தது. யோசித்துத் தெரிந்துகொள்வது என்பதைவிட, மேலிருந்து சொல்வதை வாங்கிக்கொள்வது என்று மாணவர் முடிவுகட்டியிருந்தார்கள். அது நுண்கணிதத்தோடு நடக்கும் இயற்பியல் வகுப்புகளில் அளந்தது. ஆனால் விளக்கங்களைப் பெய்துகொண்டே போகும் கருத்துநிலை வகுப்பும் அதே பாடத்தைத்தான் மறைமுகமாகச் சொல்லும்.

நம் ஊரில் பத்தாம் வகுப்போடு இந்தக் கதவு சாத்தப்படுகிறது. பதினொன்றில் வணிகவியலோ வரலாறோ எடுத்தவர் வாழ்நாளில் மறுபடி ஓர் இயற்பியல் ஆசிரியரின் முன் உட்கார வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் பிற துறை மாணவர்களுக்கென நான்காம் பகுதியில் ஒரு சிறிய விருப்பப் பாடம் உண்டு. இயற்பியல் துறை அதில் எதையாவது தருவதற்கு இடமிருக்கிறது. அந்த இடத்தில் ஹூயிட் புத்தகத்தை முழுசாக இறக்குமதி செய்ய முயல்வது வீண். முப்பதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் கொண்ட நூலை அமெரிக்காவிலேயே ஒரு பருவத்தில் முடிப்பதில்லை. நான் பார்த்தவரை, இங்கே பொருந்துவது ராஜர்ஸின் துணிச்சல்தான். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் விசையும் இயக்கமும், ஆற்றல், மின்சுற்று, ஒளி, இந்த நான்கு போதும். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு கேள்வி, வாதம். தேர்வில் வரையறை எழுதச் சொல்லாமல், புதிதாக ஒரு சூழலைக் கொடுத்து என்ன நடக்கும், ஏன் என்று நான்கு வரி எழுதச் சொல்வது. அந்த நான்கு வரியைத் திருத்துவது ஒரு பக்கம் வரையறையைத் திருத்துவதைவிடக் கடினம், விடைக்குறிப்பை வைத்து மதிப்பெண் போட முடியாது. இருநூறு தாள் திருத்த வேண்டிய ஆசிரியர் இதற்கு ஒப்புவாரா என்பது ஒரு தடை. குவாண்டமும் கருந்துளையும் இல்லாத பாடத்தில் யார் வந்து சேருவார்கள் என்று துறைத்தலைவர் கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.